திராட்சையும் பீச்சும் ஒரு ஈயும்: யோஹான் வில்ஹெல்ம் ப்ரையரை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: "இணையத்தில் ஒரு ஜெர்மன் ஓவியரின் படத்தைப் பார்த்தேன். திராட்சைக் கொத்து, இரண்டு பீச் பழம், ஒரு கண்ணாடிக் கோப்பை, ஒரு ஈ. அவ்வளவுதான். ஓவியர் பெயர் யோஹான் வில்ஹெல்ம் ப்ரையர், 19ஆம் நூற்றாண்டுக்காரர் என்று போட்டிருந்தது. யார் இவர்? போட்டோ மாதிரி வரைந்திருக்கிறார் என்பதைத் தவிர இந்தப் படத்தில் பார்க்க என்ன இருக்கிறது?"

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ப்ரையரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இந்த "போட்டோ மாதிரி" என்பதைத்தான். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக் கடந்து போனேன். ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வீட்டு மேசையில் ஒரு திராட்சைக் கொத்தை வைத்துக்கொண்டு முன்னால் இருக்கிற ஒரு பழத்தை உற்றுப் பாருங்கள். அதைப் பார்க்கும்போது பின்னால் இருக்கிற பழங்கள் மங்கலாகத்தான் தெரியும். பின்னால் பார்த்தால் முன்னால் இருப்பது மங்கும். கேமராவும் கிட்டத்தில் வைத்து எடுத்தால் அப்படித்தான். ப்ரையரின் படத்தில் எதுவுமே மங்கலாக இல்லை. முன்னால் உருண்டு கிடக்கிற ஹேசல் கொட்டையும், நடுவில் இருக்கிற பீச்சும், பின்னால் சுருண்டிருக்கும் இலை நரம்பும் ஒரே கூர்மையில் இருக்கின்றன. எந்தக் கண்ணும் ஒரே நொடியில் அப்படிப் பார்க்க முடியாது. ஒரு பழத்தைப் பார்த்து முடித்து, அடுத்ததற்கு நகர்ந்து, அதையும் பார்த்து முடித்து, இப்படிப் பல நாட்கள் பார்த்த பார்வை முழுவதையும் ஒரே பலகையில் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தப் படங்களில் ஒரு விசித்திரமான அமைதி இருக்கிறது என்று பலருக்கும் தோன்றுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

ப்ரையர் 1803 ஜூலை 19 அன்று ரைட் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது மொன்ஷென்கிளாட்பாக் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. ரைன் ஆற்றின் மேற்குக் கரை அப்போது பிரான்சின் கையில் இருந்தது. அதனால் சட்டப்படி பார்த்தால் அவர் பிறந்தது பிரெஞ்சு மண்ணில். நெப்போலியன் வீழ்ந்த பிறகு அந்தப் பகுதி பிரஷ்யாவுக்குப் போனது. அவருடைய அண்ணன் குஸ்டாவும் ஓவியர்தான். அண்ணன் தம்பி இருவருமே உடல் வளர்ச்சி குன்றியவர்கள், மிகக் குள்ளமான உருவம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அப்படிப் பிறந்தவர்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் வழக்கம் இன்னும் போயிருக்கவில்லை. ப்ரையரைப் பற்றி எழுதியவர்கள் பலர் அவர் உயரத்திலிருந்து தொடங்கி அதிலேயே நின்றுவிடுவார்கள். "சின்ன மனிதர், அதனால் சின்னப் படங்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அந்தக் கணக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. அவர் நண்பரும் சக ஓவியருமான யோஹான் பீட்டர் ஹாசன்கிளேவர் 1846இல் ப்ரையரை வரைந்தார். மனிதர்களைக் கிண்டலாக வரைவதில் பேர்போனவர் ஹாசன்கிளேவர். அவருக்கே ப்ரையர் ஒரு மரியாதைக்குரிய நண்பராகத்தான் இருந்திருக்கிறார்.

1822இல் அண்ணன் தம்பி இருவரும் டுசெல்டார்ஃப் கலைக் கல்விக்கழகத்தில் சேர்ந்தார்கள். அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் ப்ரையரைப் புரிந்துகொள்ள முடியாது.

டுசெல்டார்ஃபில் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஓவியத் தொகுப்புகளில் ஒன்று இருந்தது. 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஆண்ட யோஹான் வில்ஹெல்ம் என்ற இளவரசர் (ஆமாம், நம் ஓவியரின் அதே பெயர்) படங்களாக வாங்கிக் குவித்தார். பூக்களும் பழங்களும் வரைவதில் இணையற்றவராக இருந்த டச்சுப் பெண் ஓவியர் ராகெல் ரைஷ் 1708இலிருந்து 1716 வரை இந்த இளவரசருக்காக வரைந்தவர். ஆனால் நெப்போலியன் படைகளின் குழப்பத்தில் 1805-06 வாக்கில் அந்தத் தொகுப்பை மூட்டை கட்டி மியூனிக்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது திரும்பி வரவே இல்லை. ரூபன்ஸ் வரைந்த மாதாவின் விண்ணேற்றம் மட்டும், தூக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால், ஊரிலேயே தங்கிவிட்டது. ஆக, ப்ரையர் படிக்கப் போன ஊரில் அவர் பார்த்துக் கற்றிருக்க வேண்டிய பழைய டச்சு ஓவியங்கள் இல்லை. வெறும் ஆணி அடித்த சுவர்கள்தான் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆசிரியர்கள்? முதலில் கொர்னேலியுஸ், பிறகு 1826 முதல் ஷாடோ. இருவரும் பைபிள் காட்சிகள், வீர வரலாறு, பெரிய சுவரோவியம் என்று போனவர்கள். அந்தக் காலத்துக் கலைக்கழகங்களில் ஓவிய வகைகளுக்கு ஒரு படிவரிசை உண்டு. உச்சியில் வரலாறும் சமயமும். அதற்குக் கீழே உருவப்படம், அன்றாட வாழ்க்கைக் காட்சி, இயற்கைக் காட்சி. அடிமட்டத்தில் இருந்தது உயிரில்லாப் பொருள்களை வரையும் நிலைப்பொருள் ஓவியம். நம் ஊர் ஓவிய மாணவர்கள் ஸ்டில் லைஃப் என்று சொல்வது. மனிதனை வரையத் தெரியாதவன்தான் பழத்தை வரைவான் என்ற எண்ணம். ஜெர்மனியில் நிலைப்பொருள் ஓவியத்துக்குப் பழைய மரபு இல்லாமலில்லை. 1600களின் தொடக்கத்திலேயே ஃபிராங்ஃபர்ட்டில் கெயோர்க் ஃப்ளேகல் அருமையாக வரைந்திருக்கிறார். ஆனால் ப்ரையர் காலத்தில் அந்த இழை கிட்டத்தட்ட அறுந்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில், ஷாடோவின் மாணவர்கள் ராஜாக்களையும் தீர்க்கதரிசிகளையும் வரைந்துகொண்டிருக்கும்போது, ஒரு பையன் அடிமட்ட வகையை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதை விடாமல் இருந்திருக்கிறான். எனக்கு இது துணிச்சலாகத்தான் தெரிகிறது.

பார்த்துக் கற்க ஊரில் படங்கள் இல்லாததால் 1835இல் அவர் ஹாலந்துக்குப் போனார். பழைய நிலைப்பொருள் ஓவியர்களான யான் டி ஹேம், வில்லெம் கால்ஃப் போன்றோரின் மரபை அதன் சொந்த மண்ணில் பார்த்தார். 1830களின் கடைசியில் மியூனிக்கில் இருந்தார். அங்கே 1836இல்தான் ஆல்ட பினக்கோதெக் என்ற பெரிய அருங்காட்சியகம் திறந்திருந்தது. டுசெல்டார்ஃபிலிருந்து போன படங்கள் இருந்தது அங்கேதான். தன் ஊர் இழந்ததை அடுத்த ஊரில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு 1840இல் இத்தாலி. அப்புறம் டுசெல்டார்ஃபுக்கே திரும்பி, 1889 பிப்ரவரி 20 அன்று இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். வெளியே சொல்லும்படியான சம்பவங்கள் நிறைந்த வாழ்க்கை இல்லை. விலங்குகளை வரைவதில் பெயர் பெற்ற லாகன்விட்ஸின் சகோதரியை மணந்தார். பிள்ளைகளில் இருவர் ஓவியர்கள். மகள் எமிலியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது படத்துக்கு வருவோம். ப்ரையரின் படங்கள் பெரும்பாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும். கீழே ஒரு பளிங்குப் பலகை, அல்லது வெள்ளையிலேயே வெள்ளைப் பூவேலை நெய்த டமாஸ்க் மேசைத்துணி. அதன்மேல் திராட்சை, பீச், ப்ளம், ஆப்ரிகாட், உடைத்ததும் உடைக்காததுமாகச் சில கொட்டைகள். சில படங்களில் மெலிந்த ஷாம்பெயின் கோப்பை அல்லது வயிறு பருத்த ஒயின் கோப்பை. பின்னணி வெறுமை. படங்கள் பெரும்பாலும் சிறியவை, கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்கும் அளவு.

முதலில் திராட்சையைப் பாருங்கள். புதிதாகப் பறித்த கறுப்புத் திராட்சையின் தோலில் மாவு படிந்தது போல ஒரு நீலச் சாம்பல் படலம் இருக்கும். பழமே சுரக்கும் மெழுகு அது. விரலால் தொட்டால் போய்விடும். தொட்ட இடத்தில் தோல் கறுப்பாகப் பளபளக்கும். கடையில் வாங்கிய கொத்தை நான்கைந்து பேர் புரட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று அந்தப் படலத்தை வைத்தே சொல்லிவிடலாம். ப்ரையர் இந்தப் படலத்தை வரைகிறார். அதுவும் எப்படி? ஒரு பழத்தில் முழுசாக, அடுத்ததில் பாதி அழிந்து, இன்னொன்றில் பக்கத்துப் பழம் உரசிய இடத்தில் மட்டும் இல்லாமல். நான் ஒருமுறை இதை வரைந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் பழம் கல்லாகிவிடுகிறது. குறைத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. அடியில் ஒளி ஊடுருவுகிற மாதிரி மெல்லிய கருஞ்சிவப்பு அடுக்குகள் காய்ந்த பிறகு, மேலே கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் சாம்பலைத் தடவிவிட வேண்டும். அந்த ஒரு கொத்துக்கு மட்டும் எனக்கு இரண்டு வாரம் போனது, அப்படியும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகுதான் ப்ரையரை மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தேன்.

பச்சைத் திராட்சையில் வேறொரு விஷயம் இருக்கிறது. ஒளி இடது பக்கத்திலிருந்து வருகிறது என்றால், பழத்தின் இடது பக்கத்தில் ஒரு சின்ன வெண்புள்ளி மின்னும். ஆனால் பழம் அதிகமாக ஒளிர்வது வலது பக்கத்தில்தான். ஒளி உள்ளே புகுந்து, சதையைத் தாண்டி, எதிர்ப்பக்கத் தோலை உள்ளிருந்து எரிய வைக்கிறது. கற்பனையில் வரைகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்; ஒளி விழும் பக்கத்தை வெளுப்பாகவும் எதிர்ப்பக்கத்தை இருட்டாகவும் போட்டுவிடுவார்கள், திராட்சை கோலிக்குண்டாகிவிடும். ப்ரையரின் பச்சைத் திராட்சைக்குள் விளக்கு வைத்தாற்போல இருப்பது இதனால்தான். நீர்த்துளிக்கும் இதே விதி. துளி பலகையில் விழுத்தும் நிழலுக்குள்ளேயே ஒரு பிரகாசமான பொட்டு இருக்கும், துளி ஒரு குட்டி லென்ஸாக வேலை செய்வதால். அவருடைய துளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தப் பொட்டு இருக்கும்.

பீச்சுக்கு வாருங்கள். பீச்சின் தோலில் மெல்லிய ரோமம். அதனால் பழத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போலத் தெரியாது. விளிம்பில் ரோமம் ஒளியைப் பிடித்துக்கொண்டு ஒரு மங்கலான வெளிச்சக் கோடு போல நிற்கும். பக்கத்திலேயே ப்ளம், வழவழப்பான தோல், கூரான விளிம்பு. இவர் ஏன் எப்போதும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார் என்று யோசித்தால் ஒன்று புரியும். ஒரே ஜன்னல் வெளிச்சம் மெழுகுப் படலத்தில் ஒரு மாதிரி விழுகிறது, ரோமத்தில் வேறு மாதிரி, கொட்டை ஓட்டில் வேறு மாதிரி, துணியில், பளிங்கில், கண்ணாடியில் வேறு வேறு மாதிரி. அவர் உண்மையில் வரைவது அந்த வெளிச்சத்தைத்தான். பழங்கள் அது வந்து விழும் இடங்கள்.

ஈ விஷயம். ஈயை வரைவது ப்ரையர் கண்டுபிடித்ததில்லை. அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓவியர்கள் கைத்திறனைக் காட்ட வரைந்தார்கள், பார்க்கிறவர் நிஜ ஈ என்று நினைத்து விரட்டப் போவார் என்று. டச்சு மரபில் ஈக்கு இன்னொரு பொருளும் இருந்தது. பழம் அழுகப் போகிறது, வாழ்க்கையும் அப்படித்தான் என்ற நினைவூட்டல். அங்கே மண்டையோடும், எரிந்து அணையும் மெழுகுவர்த்தியும், கடிகாரமும் கூட வரும். ப்ரையரிடம் அந்தப் போதனை கிட்டத்தட்ட இல்லை. அவர் பழங்கள் அழுகுவதில்லை. ஈ அங்கே பழத்தின் இனிப்புக்கு வந்திருக்கிறது. டச்சுக்காரர்களிடமிருந்து கைவித்தையை எடுத்துக்கொண்டு அவர்களுடைய மரண பயத்தை விட்டுவிட்டார் என்று சொல்லலாம். சிலர் இதை ஆழமின்மை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழுத்த பழம் பழுத்த பழமாகவே இருப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் சாவு நிற்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

யார் வாங்கினார்கள் என்பதும் முக்கியம். 1815இலிருந்து 1848 வரையான காலத்தை ஜெர்மனியில் பீடர்மையர் காலம் என்பார்கள். அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் வெளியே, வசதியான நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுக் கூடத்துக்குப் படம் வாங்கத் தொடங்கிய காலம். 1829இல் டுசெல்டார்ஃபில் ஒரு கலைச் சங்கம் தொடங்கி, சந்தா கட்டுகிறவர்களுக்குப் படங்கள் போய்ச் சேரும் ஏற்பாடு வந்தது. பெரிய வரலாற்று ஓவியத்தை மாட்ட இவர்களிடம் சுவர் இல்லை. ப்ரையரின் படம் மேசைக்கு மேலே கச்சிதமாகப் பொருந்தும். பிறகு கடல் தாண்டிய சந்தையும் வந்தது. ஒயின் வணிகரான ஜான் காட்ஃப்ரி போக்கர் 1849இல் நியூயார்க்கின் பிராட்வேயில் டுசெல்டார்ஃப் கேலரி என்று ஒன்றைத் திறந்து, அந்த ஊர் ஓவியர்களின் படங்களைக் காட்டினார். ப்ரையரின் பழங்களும் அங்கே இருந்தன. அமெரிக்க ஓவியர்கள் அங்கே போய்ப் பார்த்துக் கற்றார்கள். 1848இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன செவெரின் ரோசன் என்பவரின் படங்களில் ப்ரையரின் சாயல் தெளிவாகத் தெரியும். ஆனால் ரோசன் மேசை நிறைந்து வழிய வழிய அடுக்குவார். ப்ரையர் ஒரு கைப்பிடி அளவோடு நிறுத்திக்கொள்வார்.

கேமரா வந்தது 1839இல். "பிறகும் ஏன் வரைய வேண்டும்" என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் "போட்டோ மாதிரி" என்றதில் அது இருக்கிறது. அப்போதைய போட்டோவுக்கு நிறம் கிடையாது. திராட்சைப் படலத்தின் நீலத்தையும் பீச்சின் சிவப்பையும் அதனால் தொடக்கூட முடியாது. ஆகவே அவருக்குக் கேமரா போட்டியே இல்லை.

மகள் எமிலி ப்ரையர் 1849இல் பிறந்தார். பெண் என்பதால் கலைக்கழகத்தின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அப்பாதான் ஆசிரியர், அப்பாவின் அறைதான் பள்ளி. கற்றுக்கொண்டு அப்பாவின் வகையிலேயே வரைந்து, நன்றாக விற்று, அமெரிக்க வாடிக்கையாளர்கள் வரை பெற்றார். அப்பா, மகள் படங்களைப் பக்கத்தில் வைத்தால் கையெழுத்தைப் பார்க்காமல் பிரிப்பது பல நேரம் கஷ்டம். எனக்கு மகளின் திராட்சை இன்னும் கொஞ்சம் ஒளி ஊடுருவுவதாகவும், அப்பாவின் பீச் கொஞ்சம் கனமாகவும் தெரிகிறது. இது என் கண், இன்னொருவர் மாற்றிச் சொல்லலாம். எமிலி 1930 வரை வாழ்ந்தார். பாரிஸில் செசான் ஆப்பிள்களைச் சாய்த்து, மேசையை வளைத்து, அடுத்து வந்தவர்கள் பழத்தையே துண்டு துண்டாக உடைத்துப் போட்ட காலமெல்லாம் அவர் டுசெல்டார்ஃபில் இருந்தார். கலை வரலாற்றுப் புத்தகங்களில் இந்த இருவருக்கும் அரைப்பக்கம்கூடக் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களைத்தான் வரலாறு எழுதிவைக்கிறது. ஏற்கெனவே இருந்ததை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்களுக்கு அதில் இடம் குறைவு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ப்ரையரின் பத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தால் அலுக்கும். அமைப்பு ஒன்றுபோலவே வரும்: நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் ஒரு குட்டி மலை, முன்னால் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கொட்டை. வெளியே நாடு கொந்தளித்த 1848இல் ஹாசன்கிளேவர் நகர சபை முன்னால் நிற்கும் தொழிலாளர்களை வரைந்தார். ப்ரையரின் பழங்களில் அதன் தூசிகூடப் படவில்லை. இதைக் குற்றமாகச் சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்த அலுப்புதான் பெரிய குறை. அதனால் என் யோசனை, அவரைத் தொகுப்பாகப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பாருங்கள். பெர்லின் நேஷனல் கேலரியிலும் டுசெல்டார்ஃப் குன்ஸ்ட்பலாஸ்டிலும் அவர் படங்கள் இருக்கின்றன. நேரில் போக முடியாவிட்டால், அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய அளவுப் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். சிறிய படத்தில் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்தது போல "போட்டோ" மட்டும்தான் தெரியும்.

பெரிதாக்கிப் பார்க்கும்போது கோப்பையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை யாரும் கண்ணாடியாக வரைவதில்லை. முதலில் பின்னணியை வரைந்துவிட்டு, அதன்மேல் நாலைந்து வெளிச்சக் கீற்றுகளைச் சரியான இடத்தில் வைத்தால் கோப்பை தானாக வந்து நிற்கும். ப்ரையரின் கோப்பையில் அந்தக் கீற்றுகளில் ஒன்று சதுரமாக, கோப்பையின் வளைவோடு வளைந்து, நடுவில் குறுக்குச் சட்டத்தோடு இருக்கும். அது அவர் அறையின் ஜன்னல். அவருக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருந்த, படத்துக்குள் வராத ஜன்னல். பழங்களின் மேல் விழுகிற வெளிச்சம் முழுவதும் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது.

நீங்கள் பார்த்த படத்திலும் கோப்பை இருக்கிறது என்கிறீர்களே, அதன் வயிற்றில் இடது மேல்பக்கம் தேடிப் பாருங்கள்.